750 விக்கெட்; டெஸ்ட் பூஜ்யம்!

மதுரைச் சங்கப் பலகையைப் பற்றிய கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தகுதியுள்ள புலவர் வந்தால் அந்தப் பலகை தானாகவே நீண்டு இடம் கொடுக்குமாம். தகுதியில்லாதவருக்கு இடமே தராதாம். கதைதான். ஆனால் அது எவ்வளவு வசதியான கருவி! தேர்வுக் குழு வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், சிபாரிசும் செல்லாது. பலகையே தீர்ப்பு சொல்லிவிடும்.

விளையாட்டு உலகில் அப்படி ஒரு பலகை கிடையாது. மனிதர்கள்தான் உட்கார்ந்து யோசித்து, "இவர் பெருமைக்குரியவர், இவர் அல்லர்" என்று முடிவு செய்கிறார்கள். இதற்கென்று 'புகழ் மண்டபம்' என்ற ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அத்தகைய மண்டபம் இருக்கிறது. 1936-இல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1939-இல் கட்டடம் திறக்கப்பட்டது. கிரிக்கெட்டுக்குச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2009-இல் இதே போன்ற ஒரு பட்டியலைத் தொடங்கியது. நம் நாட்டைச் சேர்ந்த பிஷன் சிங் பேடி, கவாஸ்கர், கபில் தேவ் ஆகியோர் அதில் முதலிலேயே இடம் பெற்றார்கள்.

சரி, பட்டியலில் வராதவர்கள்? அவர்கள் எல்லோரும் தகுதியற்றவர்களா, அல்லது பலகைதான் நீளாமல் போயிற்றா? இந்தக் கேள்விக்கு விடை காண உணர்ச்சி மட்டும் போதாது. கொஞ்சம் கணக்கும் வேண்டும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாதம் தொடங்குகிறது

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இரண்டு பள்ளி மாணவர்கள் நடந்துகொண்டே வாதிடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"ஒரு டெஸ்ட் கூட ஆடாதவரை எப்படிடா பெரிய ஆட்டக்காரர்னு சொல்றது?" என்கிறான் ஒருவன்.

"ஆட விட்டாத்தானே ஆடுவார்! எழுநூற்றைம்பது விக்கெட் சும்மா வந்துடுமா?" என்கிறான் மற்றவன்.

இரண்டாமவன் குறிப்பிடும் மனிதர் ராஜிந்தர் கோயல். இடது கையால் சுழற்பந்து வீசியவர். 1958-59 முதல் 1984-85 வரை, ஹரியானா முதலிய அணிகளுக்காக 157 முதல்தரப் பந்தயங்களில் ஆடி 750 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரஞ்சி கோப்பையில் மட்டும் 630-க்கும் மேல். ஆனால் அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்களின் எண்ணிக்கை பூஜ்யம். 1974 நவம்பரில் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்டுக்கு பேடி சேர்க்கப்படவில்லை, கோயல் அழைக்கப்பட்டார். ஆனால் களத்தில் இறங்கிய பதினொருவரில் அவர் பெயர் இல்லை. மறுபடி அந்த வாய்ப்பு வரவே இல்லை.

அவரைப் போலவே பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர். அவரும் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர், 589 விக்கெட்டுகள், அவருக்கும் டெஸ்ட் கிடையாது. நம் சென்னையின் வி. வி. குமார் வலது கை லெக் ஸ்பின்னர்; 599 விக்கெட்டுகள்; இரண்டே டெஸ்ட்.

ஏன் இப்படி? அந்தக் காலத்தில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நான்கு பெரும் சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே சமயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்தார்கள். நான்கு பேருக்கே இடம் போதவில்லை. ஐந்தாமவரும் ஆறாமவரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

முதல் கணக்கு: சராசரி

பந்து வீச்சாளரின் சராசரி என்பது, அவர் கொடுத்த ஓட்டங்களை அவர் எடுத்த விக்கெட்டுகளால் வகுத்து வருவது. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம் விலை கொடுத்தார் என்பதே அதன் பொருள். விலை குறைந்தால் நல்லது. முதல்தரப் பந்தயங்கள் அனைத்தையும் சேர்த்து எடுத்த கணக்கு இது.

கோயல்: 750 விக்கெட், சராசரி 18.58
ஷிவால்கர்: 589 விக்கெட், சராசரி 19.69
குமார்: 599 விக்கெட், சராசரி 19.98
பேடி: 1560 விக்கெட், சராசரி 21.69
பிரசன்னா: 957 விக்கெட், சராசரி 23.45
சந்திரசேகர்: 1063 விக்கெட், சராசரி 24.03
வெங்கட்ராகவன்: 1390 விக்கெட், சராசரி 24.14

"பார்த்தாயா! வெளியே நின்ற மூவரும் முதல் மூன்று இடங்களில்!" என்று துள்ளத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். இந்தத் தராசில் ஒரு கோளாறு இருக்கிறது.

முதல்தரக் கணக்கில் டெஸ்ட் பந்தயங்களும் அடக்கம். பேடி 67 டெஸ்டுகளில் உலகின் தலைசிறந்த மட்டை வீரர்களுக்குப் பந்து வீசினார். அங்கே விக்கெட்டின் விலை இயல்பாகவே அதிகம். கோயல் அந்தச் சந்தைக்கே போகவில்லை. ஆகவே இருவரையும் ஒப்பிட வேண்டுமானால் பேடியின் கணக்கிலிருந்து டெஸ்டுகளைக் கழித்துவிட வேண்டும்.

பேடி மொத்தம் கொடுத்த ஓட்டங்கள்: 1560 × 21.69 = சுமார் 33,836.
டெஸ்டில் கொடுத்தவை (266 விக்கெட், சராசரி 28.71): சுமார் 7,637.
மீதி ஓட்டங்கள்: சுமார் 26,199. மீதி விக்கெட்டுகள்: 1294.
வகுத்தால் 20.25.

அதாவது, டெஸ்டுக்கு வெளியே பேடியின் சராசரி 21.69 அல்ல, 20.25. இதே முறையில் மற்றவர்களுக்கும் கணக்கிட்டால் பிரசன்னா 21.7, சந்திரசேகர் 22.3, வெங்கட்ராகவன் 22.6 என்று வருகிறது. (டெஸ்ட் கணக்குகள் முறையே 189 விக்கெட், 30.38, 242 விக்கெட், 29.74, 156 விக்கெட், 36.11. நீங்களே சரிபாருங்கள்.)

இப்போது என்ன தெரிகிறது? வெளியே நின்ற மூவரும் இன்னும் முன்னால்தான் இருக்கிறார்கள். ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. பேடிக்கும் குமாருக்கும் உள்ள வித்தியாசம் கால் ஓட்டத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மேலும், பேடி பல ஆண்டுகள் இங்கிலாந்தின் கவுண்ட்டிப் பந்தயங்களிலும் ஆடினார். அங்குள்ள ஆடுகளங்களும் எதிரணிகளும் வேறு. ஆகவே "கோயல் பேடியை விடச் சிறந்தவர்" என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. "கோயல் பேடியோடு ஒப்பிடத் தக்கவர்" என்று சொல்லலாம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் விஞ்ஞானப் பார்வையின் முதல் பாடம்.

கிரிவலக் கணக்கு

எண்களுக்குப் பின்னால் சூழ்நிலை இருக்கிறது. இதை விளக்கத் திருவண்ணாமலைக்கே திரும்புவோம்.

கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒருவர் சாதாரண நாளில் அதை 3 மணி நேரத்தில் நடந்து முடிக்கிறார். இன்னொருவர் கார்த்திகைத் தீப நாளில், கூட்ட நெரிசலில், 4 மணி நேரத்தில் முடிக்கிறார். யார் வேகமாக நடப்பவர்? கடிகாரத்தை மட்டும் பார்த்தால் முதலாமவர். ஆனால் அது நியாயமா?

அந்தந்த நாளில் மற்றவர்கள் எப்படி நடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பேச்சுக்கு, சாதாரண நாளில் எல்லோருடைய சராசரியும் மூன்றரை மணி, தீப நாளில் 6 மணி என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் சராசரி நேரத்தில் 100-க்கு 86 பங்கு எடுத்துக்கொண்டார். இரண்டாமவர் 100-க்கு 67 பங்குதான். இப்போது இரண்டாமவரே முந்துகிறார்!

இதே தந்திரத்தைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டு செல்வோம். 1972-73 ரஞ்சி இறுதிப் பந்தயம் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் வீழ்த்தினார். மொத்தம் 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட். நம் அணிதான் தோற்றது. ஆனாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

"பந்து பம்பரமாய்ச் சுழன்ற களம் அது, யார் வீசினாலும் விழும்" என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதைச் சோதிப்போம். இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை 405 ஓட்டங்கள். விழுந்தவை 40 விக்கெட்டுகள். ஷிவால்கரின் பங்கைக் கழித்தால் 371 ஓட்டங்கள், 27 விக்கெட்டுகள். அதாவது அதே களத்தில் மற்றவர்கள் ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த விலை சுமார் 13.7. ஷிவால்கர் கொடுத்தது 2.6. (உதிரி ஓட்டங்களும் ரன் அவுட்களும் இதில் கலந்திருக்கலாம், ஆகவே இது தோராயக் கணக்கு.) அந்த மற்றவர்களில் வெங்கட்ராகவனும் குமாரும் அடக்கம் என்பதை மறவாதீர்கள். களம் உதவியது உண்மை. ஆனால் அந்த உதவி எல்லோருக்கும் பொதுவானது. ஷிவால்கர் அவர்களைவிட ஐந்து மடங்கு சிக்கனமாக இருந்தார்.

மலையின் உயரம் எது?

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி என்பார்கள். இது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். ஆனால் திருவண்ணாமலை நகரத்தின் தரையும் கடல் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. கோயில் வாசலில் நின்று நிமிர்ந்து பார்ப்பவருக்கு மலையின் உயரம் அதைவிடக் குறைவே. எந்த அடித்தளத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஆட்டக்காரரை அளக்கவும் அடித்தளம் வேண்டும். பேஸ்பால் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டார்கள். "இந்த ஆட்டக்காரர் இல்லாவிட்டால், எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண ஆள் அவர் இடத்தில் வந்திருப்பான். அவனைவிட இவர் எவ்வளவு அதிகம் செய்தார்?" என்று கேட்டார்கள். இந்த முறையில் திறமையும் நீடித்த உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்து கணக்கில் வருகின்றன. இரண்டு ஆண்டுகள் மின்னி மறைந்தவரும், இருபது ஆண்டுகள் ஓயாமல் உழைத்தவரும் ஒரே தராசில் ஏறலாம்.

நாமும் செய்து பார்ப்போம். சாதாரண உள்நாட்டுப் பந்து வீச்சாளரின் சராசரி 28 என்று ஓர் அனுமானம் வைத்துக்கொள்வோம். கோயல் ஒவ்வொரு விக்கெட்டிலும் தம் அணிக்கு 28 − 18.58 = 9.42 ஓட்டங்கள் மிச்சப்படுத்தினார். 750-ஆல் பெருக்கினால் 7,065. இதே முறையில் ஷிவால்கர் 4,895, குமார் 4,804, டெஸ்டுகள் நீங்கலாக பேடி சுமார் 10,030.

ஆகா! சராசரியில் பின்னால் இருந்த பேடி இங்கே முன்னால் வந்துவிட்டார். ஏன்? அவர் எடுத்த விக்கெட்டுகள் மிக அதிகம். தேர்வாளர்கள் பேடியை நம்பியதில் தவறில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் 28 என்பது நாம் வைத்த எண்தானே? அதை 25 ஆக்கிப் பாருங்கள். பேடி 6,147, கோயல் 4,815, ஷிவால்கர் 3,128, குமார் 3,007. வரிசை மாறவில்லை. 22 ஆக்கினால்? பேடி 2,265, கோயல் 2,565. கோயல் முந்திவிடுகிறார்! ஆனால் 22 என்பது பொருத்தமான அடித்தளமா? சந்திரசேகர், வெங்கட்ராகவன் போன்றவர்களே அந்த அளவில்தான் இருந்தார்கள். அவர்களைச் 'சாதாரண ஆள்' என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் முடிவு ஓர் அனுமானத்தின் மீது நிற்குமானால், அந்த அனுமானத்தை அசைத்துப் பாருங்கள். அசைத்தும் நிற்பது பலமான முடிவு. கோயல், ஷிவால்கர், குமார் என்ற வரிசை மூன்று அடித்தளங்களிலும் மாறவில்லை. பேடியா, கோயலா என்ற கேள்வியோ ஆடிக்கொண்டிருக்கிறது.

ஏழும் இருநூற்று அறுபத்தாறும்

"குமாருக்குத்தான் இரண்டு டெஸ்ட் கிடைத்ததே, என்ன கிழித்துவிட்டார்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1961-இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே அவர் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய டெஸ்டில் விக்கெட் விழவில்லை. அத்துடன் முடிந்தது. மொத்தம் 7 விக்கெட்டுகள், சராசரி 28.85.

பேடியின் டெஸ்ட் சராசரி நினைவிருக்கிறதா? 28.71. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! அப்படியானால் குமார் டெஸ்டிலும் பேடிக்குச் சமம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஒரு நாணயத்தை நான்கு முறை சுண்டினால் மூன்று முறை 'தலை' விழலாம். அதை வைத்து நாணயம் கோணல் என்று சொல்வீர்களா? நானூறு முறை சுண்டி முந்நூறு முறை தலை விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மாதிரியின் எண்ணிக்கை கூடக் கூட, தற்செயலின் ஆட்டம் அடங்குகிறது. எந்த அளவில் அடங்குகிறது? எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவில். 7-இன் வர்க்கமூலம் சுமார் 2.6, 266-இன் வர்க்கமூலம் சுமார் 16.3. ஆகவே குமாரின் டெஸ்ட் சராசரியில் உள்ள நிச்சயமின்மை, பேடியின் சராசரியில் உள்ளதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு.

இந்த விதி இரு பக்கமும் வெட்டும் கத்தி. ஏழு விக்கெட்டை வைத்துக் குமாரைப் புகழவும் முடியாது. விக்கெட் விழாத ஒரே ஒரு டெஸ்டை வைத்து அவரை ஒதுக்கவும் முடியாது. அவரை அறிய 599 விக்கெட்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பிற்காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. தமிழ்நாட்டின் பத்ரிநாத் முதல்தரப் பந்தயங்களில் 54.49 சராசரியில் 10,245 ஓட்டங்கள் குவித்தார். 2010-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு டெஸ்ட் கிடைத்தது. மூன்று இன்னிங்ஸ்களில் 56, 6, 1. அதற்குப் பின் டெஸ்ட் அழைப்பு வரவில்லை. பத்தாயிரம் ஓட்டங்கள் சொல்வதை மூன்று இன்னிங்ஸ்கள் பொய்யாக்க முடியுமா? உங்கள் கணித ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

எண்ணே பிறக்காத இடங்கள்

இதுவரை பார்த்தவர்களுக்கு எண்களாவது இருந்தன. சிலருக்கு அந்த எண்கள் பிறக்கவே இடம் இல்லாமல் போயிற்று.

ஏ. ஜி. ராம் சிங் சென்னையில் வாழ்ந்து சென்னைக்காக ஆடிய சீக்கியர். மட்டையிலும் பந்திலும் வல்லவர். 1934 நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சி கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ஒரே நாளில் முடிந்துபோன அந்தப் பந்தயத்தில் அவர் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தார். வாழ்நாளில் 3,000-க்கு மேல் ஓட்டங்களும் 250-க்கு மேல் விக்கெட்டுகளும் சேர்த்தார். ஆனால் 1936 ஆகஸ்டுக்குப் பின் 1946 ஜூன் வரை இந்தியா டெஸ்டே ஆடவில்லை. இடையில் உலகப் போர். 1910-இல் பிறந்த ராம் சிங்கின் 26 முதல் 36 வரையான வயது அதில் கரைந்தது. பின்னர் அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்கள்.

சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி இந்தியப் பெண்கள் அணியின் முதல் டெஸ்ட் தலைவி. டெஸ்டில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவரே. 1976 முதல் 1991 வரை அவர் ஆடியவை 16 டெஸ்டுகள். 1971 முதல் 1987 வரை ஆடிய கவாஸ்கருக்கு 125 டெஸ்டுகள் கிடைத்தன. மொத்த ஓட்டங்களை மட்டும் எண்ணினால், ஆடியவரின் திறமையையா அளக்கிறோம், அவருக்குப் பந்தயம் ஏற்பாடு செய்தவர்களின் அக்கறையையா?

இன்னும் பின்னோக்கிச் செல்லுங்கள். பல்வங்கர் பாலு, தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடியே பந்து வீசப் பழகினார். களத்தில் அவர் எடுத்துத் தரும் விக்கெட்டுகள் அணிக்கு வேண்டியிருந்தன. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில்தான் தேநீர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். 33 முதல்தரப் பந்தயங்களில் 179 விக்கெட், சராசரி 15.21. இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசி வரை தரப்படவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல். அப்போது பாலுவின் காலம் முடிந்திருந்தது.

'டெஸ்டில் இத்தனை விக்கெட்' என்று நிபந்தனை போடும் எந்தப் பட்டியலிலும் பாலுவுக்கு இடம் வராது. தவறு பாலுவிடமா, நிபந்தனையிடமா?

கூப்பர்ஸ்டவுன் கற்றுக்கொண்ட பாடம்

அமெரிக்காவும் இதே சிக்கலில் சிக்கியது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் நுழையும் வரை, இருபதாம் நூற்றாண்டின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அவர்கள் தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்தக் கணக்குகளை யாரும் ஒழுங்காகத் தொகுத்து வைக்கவில்லை. சாட்செல் பெய்ஜ் 1971-லும், 1947-இலேயே இறந்துபோன ஜாஷ் கிப்சன் 1972-லும் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

பிறகு ஆர்வலர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, ஒவ்வொரு ஆட்டமாகக் கணக்கைத் திரட்டினார்கள். பல ஆண்டுகள் நீடித்த வேலை அது. 2024-இல் அந்த எண்கள் அதிகாரபூர்வமான கணக்கில் சேர்க்கப்பட்டன. என்ன ஆயிற்று தெரியுமா? மட்டையாட்டச் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் (.367) இறங்கினார், கிப்சன் (.372) முதலிடத்துக்கு வந்தார். புதிதாக ஒரு பந்தும் அடிக்கப்படவில்லை. ஏற்கெனவே அடித்தவற்றை எண்ணினார்கள், அவ்வளவே!

ஆனால் எல்லா நீதியும் காலத்தில் வந்துவிடவில்லை. பக் ஓ'நீல் என்ற முதியவர் கறுப்பர் லீக்குகளின் ஆட்டக்காரர், பயிற்சியாளர், நினைவுக் களஞ்சியம். 2006-இல் அந்த லீக்குகளைச் சேர்ந்த 17 பேரை மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயர் அதில் இல்லை. ஆயினும் விழாவுக்குச் சென்று, மற்றவர்களுக்காக மகிழ்ச்சியோடு பேசினார். அந்த ஆண்டே இறந்தார். 2021-இல்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 2017-இல் கிரிக்கெட் வாரியம் கோயலுக்கும் ஷிவால்கருக்கும் சி. கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. குமாருக்குச் சிறப்பு விருதும், சாந்தா ரங்கசாமிக்குப் பெண்களுக்கான முதல் வாழ்நாள் விருதும் அப்போதே கிடைத்தன. கோயலுக்கு அப்போது வயது 74, ஷிவால்கருக்கு 76. கோயல் 2020-லும் ஷிவால்கர் 2025-லும் மறைந்தார்கள். அதே விழாவில் சிறப்பு விருதுக்குரியவராக அறிவிக்கப்பட்ட ரமாகாந்த் தேசாய் அப்போது உயிரோடு இல்லை. ராம் சிங் 1999-இலேயே போய்விட்டார். கணக்கைத் தாமதமாகப் போட்டாலும் விடை ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டுமே!

நம் தீர்ப்பு

இனி முடிவுக்கு வருவோம். ஒரு வீரரின் தகுதியைப் பற்றி வாதிடும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, ஒரே வகைப் பந்தயங்களை ஒப்பிடுகிறோமா? இரண்டு, அதே சூழ்நிலையில் மற்றவர்கள் எப்படி ஆடினார்கள்? மூன்று, முடிவு சொல்லப் போதுமான எண்ணிக்கை இருக்கிறதா? நான்கு, எண்கள் பிறக்க வாய்ப்பு இருந்ததா?

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் என் பட்டியல் இது. முதலிடம் பாலுவுக்கு, அவர் வெளியே நின்றது ஆட்டத்தால் அல்ல, சாதியால். அடுத்து கோயல்; எந்த அடித்தளத்தில் அளந்தாலும் அவர் தளரவில்லை. ஷிவால்கரும் குமாரும் ஏறக்குறைய ஒரே உயரம்; ஒருவரைச் சேர்த்தால் மற்றவரையும் சேர்க்க வேண்டும். சாந்தா ரங்கசாமியை 16 டெஸ்டுகளின் கூட்டுத்தொகையால் அல்ல, அந்தப் பாதையைத் திறந்தவர் என்பதால் சேர்ப்பேன். ராம் சிங்கையும் சேர்ப்பேன். ஆனால் அவருடைய காலத்துப் பந்தயங்கள் குறைவு என்பதால், இந்த முடிவை மற்றவற்றைப் போல அடித்துச் சொல்ல மாட்டேன். பத்ரிநாத்தின் வழக்கில் நீங்கள்தான் நீதிபதி.

இந்தப் பட்டியலை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மறுங்கள், ஆனால் எண்ணோடு மறுங்கள்.

செய்து பாருங்கள்

1. ராம் சிங் ஆடிய 1934 பந்தயத்தில் மைசூர் 48, 59, சென்னை 130. விழுந்தவை 30 விக்கெட்டுகள். ஷிவால்கருக்குச் செய்ததைப் போலவே கணக்கிட்டு, ராம் சிங் மற்றவர்களைவிட எத்தனை மடங்கு சிக்கனம் என்று கண்டுபிடியுங்கள்.

2. ஒரு நாணயத்தை 7 முறை சுண்டி, தலை விழுந்த பங்கைக் குறியுங்கள். இதையே பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு 70 முறை சுண்டுவதைப் பத்துத் தடவை செய்யுங்கள். எந்த வரிசையில் விடைகள் அதிகம் தாவுகின்றன?

3. உங்கள் பள்ளி அணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கிரிக்கெட்டோ, கபடியோ, கோ-கோவோ, எதுவாயினும் சரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, எதிரணி, யார் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். பெண்கள் அணியின் ஆட்டத்தையும், இரண்டாம் அணியின் ஆட்டத்தையும் விடாமல் எழுதுங்கள். ஆண்டு முடிவில் மாவட்ட அணிக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வரும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காக அந்த நோட்டு பேசக்கூடும்.